குன்னூரில் என் மேசையில் இப்போது இருக்கும் புத்தகங்கள்

கோத்தகிரிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "எங்கள் சபை வாலிபர் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் வாசித்துப் பேசலாம் என்றிருக்கிறோம். ஒரு கிறிஸ்தவ வாசகராக நீங்கள் இப்போது என்ன வாசிக்கிறீர்கள், சமீபத்தில் எதை முடித்தீர்கள், நாங்கள் எதில் தொடங்கலாம்? அனுதின தியானப் புத்தகம் மட்டும் வேண்டாம், அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது."

அந்தக் கடைசி வரிக்காகவே விரிவாக எழுதத் தோன்றியது, டீச்சர். தியானப் புத்தகத்துக்கு நான் விரோதி இல்லை. காலையில் ஒரு வசனம், ஒரு சின்னச் சம்பவம், ஒரு ஜெபம் என்று ஒரு பக்கம் வாசிப்பதில் என்ன தப்பு? ஆனால் வருஷக்கணக்காக அதை மட்டுமே வாசிக்கிறவருக்கு நூறு பேருடைய பத்துப் பத்து வரி தெரிந்திருக்கும், ஒருவரையும் முழுசாகத் தெரிந்திருக்காது. ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கும்போதுதான் எழுதிய ஆள் நம் முன்னால் வந்து உட்காருவார், அவருடைய பிடிவாதம், பயம், பார்க்கத் தவறியது எல்லாவற்றோடும். நான் புத்தகம் தேர்ந்தெடுப்பது அந்த ஆளுக்காகத்தான். கீழே சொல்லப்போகிறவையும் அப்படித் தேர்ந்தவையே.

இப்போது மேசையில் இருப்பது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். எப்போது முடிப்பேன் என்று கேட்காதீர்கள். 3766 பாட்டு. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவம் என்று ஐந்து பருவம். "ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணத்தைத் தழுவியது" என்று ஒரே வரியில் இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியால் இந்த நூலுக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சமில்லை. கிறிஸ்தியான் என்பவன் முதுகில் பாவச் சுமையோடு பரம நகரத்துக்கு நடந்துபோகிற கதைதான் தெரியுமே, அதைச் செய்யுளில் வேறு எதற்கு வாசிக்க வேண்டும் என்று ஜனங்கள் ஒதுக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இதன் பகுதி இருப்பதால் எல்லா மதத்துப் பிள்ளைகளும் சில பாட்டுகளை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் பைபிளும் கையுமாகக் கோயிலுக்குப் போகிற நம்மில் எத்தனை பேர் அந்த நூலைக் கண்ணால் பார்த்திருப்போம்?

கிருஷ்ணபிள்ளை 1827-ல் நெல்லைப் பக்கம் கரையிருப்பில், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறி வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறிஸ்தவத்தோடு நெருக்கமான பழக்கம் வந்தது. 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். மதம் மாறியதும் படித்த தமிழைக் கழற்றி வைத்துவிடவில்லை என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. கம்பரிடம் கற்ற விருத்தத்தையும், சைவ வைணவப் பாசுரங்களின் உருக்கத்தையும் அப்படியே எடுத்துவந்தார். நூலின் நடுநடுவே தேவாரம் என்ற பேரிலேயே இசைப்பாடல்கள் வரும். 'நற்போதகம்' மாத இதழில் 13 வருஷம் தொடராக வந்து, 1894-ல் நூலானபோது அவருக்கு வயது 67 ஆகியிருந்தது.

பன்யன் அப்படியே எதிர்ப்பக்கம். பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கும் தொழில், அதிகப் படிப்பில்லை. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக பெட்ஃபோர்டு சிறையில் 12 வருஷம் கிடந்தார். மோட்சப் பிரயாணத்தின் முதல் பாகம் 1678-ல் வந்தது. அவருடைய மொழி சந்தையிலும் தெருவிலும் பேசுகிற மொழி. அந்த ஆள் எழுதிய கதையை எடுத்துக் கம்பரில் ஊறிய ஒருவர் காப்பியமாகப் பாடினால் என்ன ஆகும்?

சில இடத்தில் சறுக்கத்தான் செய்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். மாயச் சந்தை வரும் இடத்தில் பன்யனே மேல். வீடு, பட்டம், பதவி, ஆள், ஆத்துமா என்று எல்லாம் விலைக்குக் கிடைக்கும் சந்தை அது. அங்கே இரண்டு யாத்திரிகர்கள் வந்து ஒன்றும் வாங்காமல் நடந்தால் ஊருக்கே எரிச்சல். அவர்களைப் பிடித்துக் கூண்டில் அடைத்து விசாரிக்கிறார்கள். ஒருவரைக் கொன்றே விடுகிறார்கள். அந்த விசாரணையை எழுதும்போது பன்யனின் பேனாவில் நையாண்டி சொட்டும், நீதிமன்றத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து பார்த்த ஆள் அல்லவா! காப்பிய நடையில் அந்த நையாண்டியின் முனை கொஞ்சம் மழுங்கிவிடுகிறது. நகர வருணனை, நாட்டு வருணனை நீளும் இடங்களில் நான் பக்கம் தள்ளுவதும் உண்டு. பண்டிதர்கள் மன்னிக்கட்டும்.

ஆனால் சிலுவைப்பாடு வரும் இடத்துக்குப் போங்கள். பன்யனின் கதையில் கிறிஸ்தியான் ஒரு மேட்டில் சிலுவையைப் பார்க்கிறான், முதுகிலிருந்த சுமை அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுந்துவிடுகிறது. சில வரிதான், அதற்குள் முடிந்துவிடும். கிருஷ்ணபிள்ளைக்கு அது போதவில்லை. இயேசுவைப் பிடித்தது, விசாரித்தது, ஏளனம் செய்தது எல்லாவற்றையும் நற்செய்தி நூல்களிலிருந்து எடுத்து விரித்துப் பாடுகிறார். அவரைக் கட்டி நிறுத்தியிருக்கும் காட்சியில், கயிறு கட்டியது என்று நினைக்காதீர்கள் என்கிறார் கவிஞர். பகைத்த மனிதர் மேலேயே அவர் வைத்த அன்பு ஒரு கட்டாக அவரைக் கட்டியிருக்கிறது, அதை அவிழ்க்க யாராலும் ஆகாது, அதனால்தான் தேவனுடைய மகன் ஓர் ஏழையைப் போல ஒடுங்கி நிற்கிறார் என்று. பார்த்துக்கொண்டிருக்கும் நல்ல மனசுக்காரர்களோ, இந்தக் கொடுமையைக் கண்டும் பூமி பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று புலம்புகிறார்கள். இராமன் காட்டுக்குக் கிளம்பும்போது அயோத்தியே அழுவதைக் கம்பரில் வாசித்தவருக்கு இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு நடுவே இதிலிருந்து நாலு பாட்டைப் பாடச் சொன்னால் எத்தனை ஆயர்கள் சம்மதிப்பார்களோ தெரியாது. நான் கேட்டுப் பார்க்கத்தான் போகிறேன்.

வாசிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், தனியாக உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவீர்கள். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை மாலையில் அவர் வீட்டில் நாலைந்து பேர் கூடுவோம். விருத்தத்தை முதலில் இராகத்தோடு ஒருமுறை சொல்வார். அர்த்தம் யாரும் கேட்கக் கூடாது. இரண்டாம் முறை பதம் பிரித்துச் சொல்வார், நாங்கள் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வோம். மூன்றாம் முறை சொல்லும்போது பாதி அர்த்தம் தானாகவே விளங்கியிருக்கும். மிச்சத்துக்குத்தான் அகராதி. ஒரு மாலையில் பத்துப் பாட்டு ஓடினால் அதிகம். புத்தகம் அவருடையது, பழைய பதிப்பு. குன்னூரில் ஐப்பசி மழை பிடித்தால் அட்டை நெளிந்து பூஞ்சை பூத்துவிடும் என்று அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். எடுக்கும்போதெல்லாம் நாப்தலின் உருண்டை வாசனை.

இரவுக்கு வேறொரு புத்தகம்: ஏமி கார்மைக்கேல் 1933-ல் எழுதிய 'ரோஸ் ஃப்ரம் பிரையர்'. நெல்லைப் பக்கம் டோனாவூரில் குழந்தைகளை மீட்டு வளர்த்த அந்த மிஷனரி அம்மாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் படுக்கையறைதான் உலகம். எழுதுவது மட்டும் நிற்கவில்லை. இந்தப் புத்தகத்தின் விசேஷம் என்னவென்றால், நோயாளிகளுக்கென்று வரும் ஆறுதல் புத்தகங்களெல்லாம் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் எழுதியவை என்று அவருக்கு ஓர் ஆதங்கம். அதனால் நோயில் கிடக்கும் ஒருத்தி நோயில் கிடக்கிறவர்களுக்கு எழுதும் கடிதங்களாக இதை எழுதினார். வலி இன்றைக்குக் குறையவில்லை, நேற்று தூக்கம் வரவில்லை என்று பேசுகிற பக்தி நூல் அது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும்போது "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டு ஆப்பிளை வைத்துவிட்டு வருகிறோமே, அந்தப் பழக்கம் உள்ளவர்கள் இதை ஒருமுறை வாசித்தால் தேவலை.

அதே அம்மா 1903-ல் வெளியிட்ட 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' வேறு மாதிரி. மிஷனரி வெற்றிக்கதை கேட்டுப் பழகிய இங்கிலாந்து வாசகர்களிடம், இங்கே நிலவரம் அப்படி இல்லை என்று உடைத்துச் சொன்ன புத்தகம். நம்பாதவர்கள் இருந்ததால், பின்னால் வந்த பதிப்பில் வேறு மிஷனரிகளின் சாட்சிக் கடிதங்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. குழந்தைகளை மீட்ட அவருடைய துணிச்சலுக்கு முன் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் தன்னைச் சுற்றியிருந்த இந்துக் குடும்பங்களைப் பற்றி எழுதும்போது பல இடத்தில் இருட்டை மட்டுமே பார்க்கிறார். கிருஷ்ணபிள்ளையையும் இதையும் ஒரே மாதத்தில் வாசித்தேன். அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர் அங்கே பாடிப் பழகியதையெல்லாம் கூடவே கொண்டுவந்திருக்கிறார். வெளியிலிருந்து வந்தவருக்கோ அந்த வீடுகளின் பாட்டுச் சத்தமே கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் வாலிபர்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டால் போடட்டும்.

சமீபத்தில் முடித்ததில் முதலிடம் ராபர்ட் கால்டுவெல்லின் நினைவுக்குறிப்புகளுக்கு. அவர் இறந்த பிறகு மருமகன் வையட் ஐயர் தொகுத்து 1894-ல் வெளியிட்ட ஆங்கில நூல். ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் என்று கடற்கரைச் சிலையோடு நிறுத்திக்கொள்கிறோம், ஆனால் நீலகிரி, பழனி என்ற இரண்டு மலைகளுக்கும் அவரோடு தொடர்பு உண்டு. 1838-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். கப்பலில் கூட வந்தவர் தெலுங்கு அறிஞர் சி. பி. பிரவுன். 1841-ல் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பியவர் நடந்தே போனார். ஜனங்களையும் ஊர்களையும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நடை. வழியில் மலையேறி ஊட்டிக்கு வந்தார். அங்கேதான் பிஷப் ஸ்பென்சர் கையால் குருப்பட்டம். அங்கிருந்து இறங்கி மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமை போய், தேரிக்காட்டுப் பக்கம் இடையன்குடியில் தங்கினார். கிட்டத்தட்ட 50 வருஷம் கழித்து, 1891 ஆகஸ்டில், கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுபோய் அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கோயில் வேலை 1847-ல் தொடங்கி 1880-ல்தான் முடிந்தது. ஜன்னல் வளைவுகளுக்கு அவரே களிமண்ணில் மாதிரி பிடித்துக் கொத்தனார்களுக்குக் காட்டினாராம்.

புத்தகத்தில் எனக்குச் சுவையானது அந்த நடைப்பயணம்தான். வெள்ளைக்காரர் என்றால் பல்லக்கு, குதிரை, கூட ஒரு கூட்டம் என்று பழகிய ஊர்களில் ஒருவர் நடந்து வந்தால் என்ன மரியாதை கிடைக்கும்? சில இடத்தில் தங்க இடமே கிடைக்கவில்லை. கல்லாறிலிருந்து மலையேறும் யாரும், இன்றைக்கு பஸ்ஸில் காதடைத்துக்கொண்டு வந்தாலும், அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

அதே நேரம் 1849-ல் அவர் எழுதிய ஒரு சிறு நூல், அவர் ஊழியம் செய்த மக்களையே பெரிதும் புண்படுத்தியது. பல வருஷத்துக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. சபை ஆண்டுவிழாப் பேச்சுகளில் இது வராது. வர வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ஜனத்துக்காக 50 வருஷம் உழைத்தவர் அதே ஜனத்தைப் பற்றித் தவறாகவும் எழுத முடியும் என்று தெரிந்தால்தான் நம் ஆயர்களையும் நம்மையும் சரியான அளவில் பார்ப்போம்.

அடுத்து முடித்தது லெஸ்லி நியூபிகின் 1951-ல் வெளியிட்ட தென்னிந்திய நாட்குறிப்பு. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது 37 வயதில் மதுரை-இராமநாதபுரம் பேராயர் ஆனவர். பின்னாளில் மேல்நாட்டு இறையியல் கல்லூரிகளெல்லாம் அவரைத் தூக்கிக் கொண்டாடின. இந்தச் சின்னப் புத்தகத்திலோ அவர் கிராமம் கிராமமாகச் சுற்றுகிற ஒரு இளம் பேராயர்தான். பெரிய இறையியல் வார்த்தை எதுவும் இல்லாமல் அன்றைய சபைகளின் வறுமையையும் உற்சாகத்தையும் எழுதுகிறார். வேறோர் இடத்தில் அவர் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மறப்பதில்லை. ஒரு கிராமத்துக்குப் போகிறார். மாலையும் மேளமுமாகச் சபையார் ஊரின் ஒரு முனையில் காத்திருக்க, இவர் மறுமுனை வழியாக வந்துவிட்டார். மொத்தக் கூட்டமும் அப்படியே திரும்பி ஓடிவர வேண்டியதாயிற்று. மனந்திரும்புதல் என்றால் இதுதான் என்கிறார்: எதிர்பார்த்த திசையில் பார்த்துக்கொண்டிருந்தால் வந்தவரைப் பார்க்க முடியாது.

சி. எஸ். லூயிஸின் 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' சின்னதுதான், இரண்டு மாலையில் வாசிக்கலாம். 1960-ல் மனைவி இறந்த பிறகு எழுதிய குறிப்புகள்; 1961-ல் புனைபெயரில் வெளியிட்டார். எழுதியவர் யாரென்று தெரியாத நண்பர்கள், துக்கத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்று அந்தப் புத்தகத்தை அவரிடமே கொடுத்தார்களாம். தேவனிடம் கோபப்படும் பக்கங்கள் அதில் உண்டு. துக்க வீட்டுக்கு உடனே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், ஆறு மாதம் போகட்டும்.

பாதியில் விட்டதையும் கேட்டால் சொல்ல வேண்டும்: கடைசிக் காலத் தீர்க்கதரிசனப் புத்தகம் ஒன்று, உறவினர் ஆசையாக அனுப்பியது. செய்தித்தாளில் வரும் ஒவ்வொரு யுத்தத்துக்கும் ஒரு வசன எண் போட்டிருந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தோடு மூடிவிட்டேன்.

சரி, நீங்கள் எதில் தொடங்குவது? இரட்சணிய யாத்திரிகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டாம் மாதம் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். முதலில் மோட்சப் பிரயாணத்தின் தமிழ் உரைநடை, முதல் பாகம் மட்டும். கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதிலும் மேய்ப்பர்கள் இருக்கும் இன்ப மலைகள் பகுதியை மலையில் இருக்கிற நீங்கள் சத்தமாக வாசியுங்கள். தூரத்தில் இருக்கும் பரம நகரத்தைப் பார்க்க மேய்ப்பர்கள் தூரக்கண்ணாடி கொடுக்கிறார்கள்; கொஞ்ச நேரத்துக்கு முன் பார்த்த பயங்கரத்தால் கை நடுங்கி, பயணிகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. வாசலைப் போல ஏதோ ஒன்று, கொஞ்சம் மகிமை, அவ்வளவே. விசுவாசத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதிய பிரசங்கத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இருக்கும் கிருஷ்ணபிள்ளைப் பாட்டுகள் மட்டும் போதும். உங்கள் பள்ளித் தமிழாசிரியரைக் கூப்பிடுங்கள், அவர் எந்த மதமானாலும். அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். முழு நூல் வேண்டுமென்றால் இணையத் தமிழ் நூலகங்களில் தேடுங்கள். கால்டுவெல்லும் நியூபிகினும் ஆங்கிலம் என்பதால், ஒருவர் வாசித்து வந்து மற்றவர்களுக்குக் கதையாகச் சொல்லலாம். எல்லாரும் எல்லாம் வாசிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

கோத்தகிரி என்பதால் இன்னொன்று. உங்கள் குழுவில் படுகர் பிள்ளைகளும் இருப்பார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே லூக்கா நற்செய்தியைப் படுக மொழியில் கன்னட எழுத்தில் அச்சிட்டார்கள். தோடர் மொழியில் மாற்கு நற்செய்தி 1897-ல் வந்தது, அது தமிழ் எழுத்தில். தோடர்களைப் பற்றி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சி நூல் இன்றும் பேசப்படுகிறது. அவருக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூட நின்றவர் வேறொரு மிஷனைச் சேர்ந்த ஓர் உபதேசியார். இந்த மலையில் எழுதப்பட்டதையும் வாசிக்கப்பட்டதையும் பற்றி ஒரு மாதம் ஒதுக்குங்கள். அதற்குப் புத்தகமே தேவையில்லை, ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கும் வயதான ஒரு கிறிஸ்தவப் பாட்டியைக் கூட்டிவந்து உட்கார வைத்தால் போதும்.

கூட்டத்தைச் சனிக்கிழமை மதியம் வையுங்கள், கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே யாரும் பேச முடியாது. முதல் மாதத்துக்கு நாற்பது பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். டிசம்பரில் தொடங்கவே தொடங்காதீர்கள். கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பித்துவிட்டால் ஒரு வாலிபனும் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்.